கொடுக்க மறுத்த டிக்கெட்

அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவில் யாருக்காவது விமானம் ரத்தானால் முதலில் கடவுளைக் கூப்பிடுவார்கள், அடுத்து என்னை. "சார், ஃபிளைட் கேன்சல்னு சொல்றாங்க. நமக்கு என்ன ரைட்ஸ் இருக்கு?" நானும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "முதல்ல டிக்கெட்டைக் கையை விட்டுக் கொடுத்துடாதீங்க" என்று ஆரம்பிப்பேன். விமானப் பயணிகளின் உரிமையைப் பற்றி என்னைப்போல் அடித்துப் பேசக்கூடிய ஆள் பல்லாவரம் முதல் ஊரப்பாக்கம் வரை கிடையாது. எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வரிதான் என்பது வேறு விஷயம். அதையும் நான் சட்டப் புத்தகத்தில் படிக்கவில்லை. தாம்பரம் ரயில் நிலையத்தில் சுவரோரமாக நிற்க வைக்கப்பட்டபோது கற்றுக்கொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். கல்யாணத்துக்கு முன்பு கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்தேன். பாரிமுனையில் ஓர் இன்டர்வியூவை வழக்கம்போலச் சொதப்பிவிட்டு எலெக்ட்ரிக் ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். அப்போதைய டிக்கெட் கெட்டி அட்டை. அதன் மூலைக்கு ஈடான காது குடையும் கருவியை மனிதகுலம் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. மாம்பலத்தில் குடைய ஆரம்பித்தேன். கிண்டி வருவதற்குள் நான்கு மூலையும் மழுங்கிவிட்டன. மிச்சத்தை வாயில் போட்டு மென்று, குரோம்பேட்டையில் ஜன்னல் வழியாகத் துப்பினேன். தாம்பரத்தில் படியேறும் இடத்தில் பரிசோதகர் கையை நீட்டியபோதுதான், துப்பியது எது என்று மூளைக்கு எட்டியது.

சுவரோரமாக ஒரு வரிசை நின்றிருந்தது. அதில் என்னையும் சேர்த்தார்கள். ஒரு மணி நேரம். ஊரில் எனக்குத் தெரிந்த அத்தனை பேரும் அன்றைக்கென்று அதே நேரத்தில் வந்து இறங்கினார்கள்.

"என்னப்பா, இங்க நிக்கிறே?"

"ஃபிரெண்டு வரான் சார், வெயிட் பண்றேன்."

பக்கத்தில் நின்ற சக குற்றவாளிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அந்த ஃபிரெண்டுதான் சார் ஃபைன் கட்டணும்" என்றான்.

அன்று என் உடம்பு ஒரு பாடத்தைத் தானாகவே கற்றுக்கொண்டது: நிலையத்தை விட்டு வெளியே கால் வைக்கும்வரை டிக்கெட் கையை விட்டுப் போகக் கூடாது. இதில் எனக்குப் பங்கில்லை. டிக்கெட் என்று ஒன்று உள்ளே வந்துவிட்டால் விரல்கள் பூட்டிக்கொள்ளும்.

பிறகு வேலை கிடைத்தது. எடைமேடை பழுதுபார்க்கும் வேலை. சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு லாரியை அப்படியே ஏற்றி எடை போடுவார்களே, அந்த மேடை. கல்யாணமாகி அஸ்தினாபுரத்தில் குடியேறினோம், ஒரு பெண் குழந்தை பிறந்தது. தொண்ணூறுகளின் நடுவில் அவளுக்கு எல்.கே.ஜி. வயது வந்தது. அப்போது எங்கள் பக்கத்தில் கவர்மென்ட் வேலைகூட வாங்கிவிடலாம், தாம்பரத்தில் அந்த ஒரு பள்ளியில் எல்.கே.ஜி. சீட் வாங்க முடியாது. விண்ணப்பப் படிவத்துக்கே விடியலில் போய் வரிசையில் நின்றவள் என் மனைவி. படிவம் கொடுத்து ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது: வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணி, குழந்தையுடன் தாய் தந்தை இருவரும் தலைமை ஆசிரியையை நேரில் சந்திக்க வேண்டும், ஒருவர் வராவிட்டாலும் இடம் அடுத்த குழந்தைக்குப் போய்விடும். கடைசி வரியின் கீழே சிவப்பு மையில் கோடு.

அந்தக் கோட்டை என் மேலதிகாரி பார்க்கவில்லை. அந்த வாரம் பக்கத்து மாநிலத்தில் ஒரு சின்ன ஊரின் சர்க்கரை ஆலையில் எடைமேடை படுத்துவிட்டது. "வியாழக்கிழமை முடிச்சுடலாம். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அங்கிருந்து சின்ன ஃபிளைட் விட்டிருக்காங்க. ஒம்பதே காலுக்கு மீனம்பாக்கம். வீட்ல இட்லி சாப்பிடலாம்" என்றார். புதிதாகத் தனியார் கம்பெனிகள் விமானம் விட ஆரம்பித்திருந்த காலம். ரயிலென்றால் பதினாறு மணி நேரம். நான் நம்பினேன். என் மனைவி நம்பவில்லை. "ஒரு ஃபிளைட்டை நம்பியா?" என்று மட்டும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கே அந்த விமான நிலையத்தில் இருந்தேன். ஒரு ஹால், ஒரு மின்விசிறி, வெளியே காற்றுத் திசை காட்டும் கிழிந்த துணிப்பை, விமானக் கம்பெனிக்கு ஒரே ஒரு மேனேஜர். வேலூர்ப் பக்கத்துத் தமிழர். அவரே பெட்டியை எடை போட்டு, அவரே சீட்டு கட்டி, அவரே சுமந்துகொண்டு போனார். என் கருவிப் பெட்டியை வைத்ததும் அவர்களுடைய தராசு ஒன்றரைக் கிலோ கூடுதலாகக் காட்டியது. தொழில் தெரிந்தவனுக்கு அது பல்லில் சிக்கிய நார் மாதிரி. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. முதலில் வீடு போய்ச் சேரலாம்.

எட்டே கால் மணிக்கு மேனேஜர் ஹாலின் நடுவில் வந்து நின்று, மைக் இல்லாமல் அறிவித்தார். "டெக்னிக்கல் ப்ராப்ளம். இன்னிக்கு ஃபிளைட் கேன்சல். எல்லாரும் டிக்கெட்டைக் கவுன்ட்டர்ல கொடுத்துட்டு, கையெழுத்துப் போட்டுப் பணத்தைத் திருப்பி வாங்கிக்கலாம்."

என் இடது முழங்கால் ஆட ஆரம்பித்தது. பயம் வந்தால் அது தையல் மெஷின் மாதிரி தானாக மிதிக்கும். அடுத்த விமானம் திங்கட்கிழமை. அன்றைய ரயில் ஆறு மணிக்கே போய்விட்டது. வாசலில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். எங்கள் வீட்டில் போன் இல்லை. மாடி வீட்டு நம்பர்தான் எங்கள் நம்பர். மனைவியைக் கூப்பிட்டுவர மீட்டரில் ஒரு நிமிடம் ஓடியது.

"ஃபிளைட் கேன்சல்" என்றேன்.

அவள் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "சரி. மூணரைக்கு நீங்க வரலைன்னா நான் என்ன சொல்லட்டும்? மாடி வீட்டு அண்ணாவை அப்பான்னு கூட்டிட்டுப் போகட்டுமா?"

"அவருக்கு அறுபது வயசுடி!"

"அவர் ஊர்ல இருக்காரே." அப்புறம் குரலை இறக்கி, "நான் மூணு மணிக்கே பாப்பாவோட ஸ்கூல் கேட்ல நிப்பேன். நீங்க எப்படியாவது வந்துடுங்க" என்று வைத்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது கவுன்ட்டரில் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். மொத்தம் பதினாறு பயணிகள். மேனேஜரின் பெட்டியில் பணம் தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் பதினான்கு பேர் டிக்கெட்டைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற ஆள் மட்டும் கையில் எச்சில் தொட்டுத் தொட்டு டிக்கெட்டின் தாள்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். பம்மலில் லேத் பட்டறை வைத்திருப்பவர் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். "நீ போ சார், எனுக்கு இது ஒட்டிகினு கீது" என்று வழிவிட்டார்.

மேனேஜர் கையை நீட்டினார். நானும் டிக்கெட்டை நீட்டினேன். அவர் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னொரு முறை இழுத்தார். என் விரல்கள் பூட்டிக்கொண்டிருந்தன.

"சார், டிக்கெட்டை விடுங்க."

"விட முடியாது."

"ஏன் சார்?"

என்ன சொல்வது? மனதில் இருந்தது தாம்பரம் ஸ்டேஷன் சுவர் மட்டும்தான். உள்ளதைச் சொன்னேன்: "நான் இன்னும் வெளிய வரலை."

மேனேஜர் கையை எடுத்துவிட்டார். அவர் முகத்தில் ஒரு யோசனை ஓடியது. இவன் பயணத்தை இன்னும் முடிக்கவில்லை என்கிறான், விஷயம் தெரிந்தவன்போல் இருக்கிறதே என்று நினைத்திருக்க வேண்டும். பின்னாலிருந்து பம்மல்காரர் தன் டிக்கெட்டைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார்.

"சாருக்கு இன்னாமோ மேட்டர் தெரியும். அப்ப நானும் குடுக்கல."

"நீங்க ஏன் சார் பேஜார் பண்றீங்க?" என்றார் மேனேஜர்.

"நானா பேஜார் பண்றேன்? பிளேனு உன்னுது, ரிப்பேரு உன்னுது, பேஜாரு மட்டும் என்னுதா? சார் யாரு தெரியுமா? லாயரு! அவுரு சும்மா கம்முனு நிக்கும்போதே தெர்ல?"

நான் கம்மென்று நின்றது நாக்கு ஒட்டிக்கொண்டதால். நான் லாயர் இல்லை என்று சொல்ல அதுதான் சரியான தருணம். நான் செய்தது என்னவென்றால், மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு டிக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தேன். எறும்புக்கு அச்சடித்ததுபோல் ஆங்கிலம். வாழ்க்கையில் முதல் தடவையாக அதைப் படித்தேன், முழங்காலைக் கவுன்ட்டருக்குக் கீழே மறைத்துக்கொண்டு. நேரத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே, ஆனாலும் பயணியைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடிந்ததை எல்லாம் செய்வோம், தேவைப்பட்டால் வேறு கம்பெனி விமானத்திலும் ஏற்றி அனுப்புவோம் என்ற பொருளில் இரண்டு வரி. அந்த இரண்டு வரியின் மேல் விரலை வைத்தேன். குரல் எங்கிருந்தோ வந்தது. இன்றுவரை எங்கிருந்து என்று தெரியாது.

"பணம் வேண்டாம். மூணரை மணிக்கு நான் தாம்பரத்துல இருக்கணும். எப்படி அனுப்பப் போறீங்க?"

மேனேஜர் அந்த இரண்டு வரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஹெட் ஆபீஸைக் கேக்கிறேன் சார்" என்று பின் அறைக்குப் போனார். அங்கே அவர் போனில் கத்தியது கதவைத் தாண்டிக் கேட்டது. "பதினாலு பேர் சரண்டர் பண்ணிட்டாங்க சார், அவங்க பிரச்சினை இல்லை. ரெண்டு பேர் டிக்கெட்டைக் கொடுக்க மாட்டேங்கிறாங்க... ஆமாம் சார். கொடுக்காத வரைக்கும் அவங்க நம்ம பாசஞ்சர்தானே சார்?"

அந்த வாக்கியத்தைக் கேட்டதும்தான் எனக்கே விஷயம் புரிந்தது. டிக்கெட்டைக் கொடுத்துப் பணம் வாங்கியவன் கதை அத்தோடு முடிந்தது, அவன் வழியை அவன் பார்த்துக்கொள்ள வேண்டும். டிக்கெட்டை வைத்திருப்பவன் இன்னும் கம்பெனியின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறான். காது குடைந்தவனுக்கு எவ்வளவு பெரிய ஞானம்!

ஆனால் முழங்காலுக்கு ஞானம் வரவில்லை. அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. எனக்குப் பதற்றம் வந்தால் கை எதையாவது கழற்ற வேண்டும். ஒன்றரைக் கிலோ பொய் சொல்லும் அந்தத் தராசு எதிரிலேயே இருந்தது. என்னையறியாமல் கருவிப் பெட்டியைத் திறந்து, தராசின் அடித்தட்டைக் கழற்றி, தரையில் மண்டியிட்டு உள்ளே தலையை விட்டிருந்தேன். மேனேஜர் திரும்பி வந்தபோது லாயரின் பின்பக்கம்தான் அவரை வரவேற்றது.

"சார் நிஜமாவே லாயரா?"

பம்மல்காரர் ஒரு நொடிகூட அசரவில்லை. "கோர்ட்டுல இன்னா மாட்டி வச்சிகிறாங்க? தராசுதான? அதெல்லாம் தெரிஞ்சாத்தான் லாயரு."

நான் வெளியே வந்து முகத்தில் கிரீஸோடு உண்மையைச் சொன்னேன். "எடைமேடை மெக்கானிக் சார். உங்க தராசு ஒன்றரைக் கிலோ கூட காட்டுது. இப்போ சரியா இருக்கும். என் பொண்ணுக்கு எல்.கே.ஜி. இன்டர்வியூ. டிக்கெட்டை மட்டும் கொடுக்க மாட்டேன்."

மேனேஜர் சிரித்துவிட்டார். "யாரா இருந்தா என்ன சார், டிக்கெட் உங்க கையில இருக்கு. பிளேன் மெக்கானிக்கைக் கூட்டிவர ரெண்டரை மணி நேரத்துல இருக்கிற பெரிய ஏர்போர்ட்டுக்கு எங்க கார் போகுது. அங்கருந்து இன்னொரு கம்பெனி ஃபிளைட் பன்னெண்டே முக்காலுக்கு மெட்ராஸ் போகுது. உங்க ரெண்டு பேரையும் அதுல ஏத்தச் சொல்லி எழுதித் தரேன்." எங்கள் டிக்கெட்டின் மேல் எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டார். அதற்குக்கூட நான் டிக்கெட்டை விடவில்லை. ஒரு மூலையை நான் பிடித்துக்கொண்டேன், மிச்சத்தில் அவர் எழுதினார்.

இந்தக் கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஓர் இடத்தை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுவேன். நாங்கள் காரில் ஏறும்போது, டிக்கெட்டைக் கொடுத்துவிட்ட பதினான்கு பேரும் வாசலில் நின்று பார்த்தார்கள். ஒரு வயதான தம்பதி, பணத்தைத் திருப்பித் தருகிறோம், டிக்கெட்டைக் கொடுங்கள் என்று மேனேஜரிடம் கேட்டார்கள். அதன்மேல் ஏற்கெனவே ரத்து முத்திரை விழுந்திருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தது பம்மல்காரர்தான். "பின்னாடி ரெண்டு சீட்டு காலியாத்தான கீது? பெரிய ஊர்லயாச்சும் எறக்கி வுடலாம். ஏறுங்க பெரீவரே." அவர்கள் பெரிய ஊர் ரயில் நிலையத்தில் இறங்கிக்கொண்டார்கள். எனக்கும் சேர்த்து நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அதை நான் வாங்கிக்கொண்டேன்.

அந்த விமானம் மீனம்பாக்கத்தில் இறங்கியபோது மணி இரண்டே கால். ஏறும்போது நடுத்தாளைக் கிழித்துக்கொண்டு, எனக்கென்று உள்ள கடைசித் தாளை மட்டும் திருப்பித் தந்திருந்தார்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டே பெட்டியை எடுத்து, வெளி வாசலில் நின்ற காவலரிடம் நீட்டினேன். "போங்க சார், போங்க" என்றார். யாரும் கேட்கவில்லை! இவ்வளவு பாதுகாத்த டிக்கெட்டை ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்பது சற்று வருத்தமாகவே இருந்தது. பம்மல்காரர் ஓர் ஆட்டோவுக்குள் தாவினார். "சீட்டு வாங்கிடு லாயர் சார்!" என்று கத்தியது ஜி.எஸ்.டி. சாலை இரைச்சலில் கேட்டது.

சாலையைக் கடந்தால் திரிசூலம் ஸ்டேஷன். படி இறங்கும்போதே தாம்பரம் வண்டி வந்துகொண்டிருந்தது. பாய்ந்து ஏறினேன். குரோம்பேட்டை தாண்டும்போது நிம்மதியாக மூச்சு விட்டேன். மணி மூன்று. இனி எவனாலும் என்னைத் தடுக்க முடியாது.

தாம்பரத்தில் படியேறும் இடத்தில் ஒரு கை நீண்டது.

"டிக்கெட்?"

கம்பீரமாக எடுத்து நீட்டினேன். பரிசோதகர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார் இது?"

"டிக்கெட்."

"பிளேன் டிக்கெட்ட வச்சிகினு எலெக்ட்ரிக் ட்ரெயின்ல வந்துகிறீங்க. நம்ம டிக்கெட் எங்க?"

வாங்கவில்லை. ஒரு டிக்கெட்டைக் காப்பாற்றுவதிலேயே குறியாக இருந்த மூளைக்கு இன்னொன்று வாங்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவருக்குப் பின்னால் அதே சுவர். நான்கு பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். ஐந்தாவது இடம் எனக்காகக் காலியாக இருந்தது.

"சார், ஃபைன் கட்டிடறேன். மன்னிக்கவெல்லாம் வேணாம். சீக்கிரம் எழுதுங்க. மூணரைக்குப் பொண்ணுக்கு எல்.கே.ஜி. இன்டர்வியூ. நான் இல்லைன்னா சீட் போயிடும்."

எந்தப் பள்ளி என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறியது. "அய்யோ, அந்த ஸ்கூலா? போன வருஷம் எம் பொண்ணுக்கு ஃபாரம் வாங்க நின்னு முட்டியே போச்சு, சார்" என்றவர் ரசீதுப் புத்தகத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "நடங்க, நடங்க. நடந்துகினே எழுதறேன். பேரு?" என்றார். மேம்பாலத்தில் நான் பெட்டியோடு முன்னால் ஓட, அவர் பின்னாலேயே பேர், அப்பா பேர், விலாசம் என்று கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். மறுபக்கப் படி முடிவதற்குள் ரசீதைக் கிழித்துக் கையில் திணித்தார். "ஓடு சார்!"

மூன்று இருபத்தெட்டுக்குப் பள்ளி வாசல். என் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். முன்தினச் சட்டை, நெற்றியில் கிரீஸ். புடவைத் தலைப்பை எச்சிலில் நனைத்து என் நெற்றியைத் துடைத்தாள். குழந்தைக்குச் செய்வதுபோல. உள்ளே கூப்பிட்டார்கள்.

தலைமை ஆசிரியை வெள்ளைப் புடவை, கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் வழக்கம். என் பெண்ணிடம் கேட்டார். "உன்கூட யார் யார் வந்திருக்காங்க, சொல்லு?"

"அம்மா."

"அப்பா?"

"அப்பா பிளேன்ல வர்றாங்க" என்றாள் என் மகள் பளிச்சென்று. நான் வராமல் போனால் சொல்ல வேண்டும் என்று அவள் அம்மா காலையிலிருந்து மனப்பாடம் செய்ய வைத்திருந்தாள்.

"அப்போ இது யாரு?"

குழந்தை என்னைப் பார்த்தாள். மனப்பாடத்தை மீற மனம் வரவில்லை. "அப்பா இன்னும் வரலை" என்றாள்.

துபாயில் இருக்கும் அப்பாக்களுக்குப் பதில் மாமாக்களையும் சித்தப்பாக்களையும் கூட்டிவந்து நிறுத்தியவர்களை அந்த அம்மையார் நிறையப் பார்த்தவர். கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கதான் ஃபாதர்னு நான் எப்படி நம்பறது?"

நாற்காலிக்கடியில் தையல் மெஷின் ஓட ஆரம்பித்தது. பைகளில் இருந்த அத்தனையையும் மேசைமேல் கொட்டினேன். ஒரு திருப்புளி, இரண்டு திருகாணி, விமான டிக்கெட்டின் கடைசித் தாள், மை காயாத ரசீது. அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு ரசீதை எடுத்தார். விண்ணப்பத்தை எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என் பேர், என் அப்பா பேர், அஸ்தினாபுரம் விலாசம், எல்லாம் ஒன்றாக இருந்தன.

"டிக்கெட் இல்லாம பயணம் செஞ்சதுக்கு அபராதம்" என்று படித்தார்.

"ஆமாம் மேடம்."

"கையில டிக்கெட் இருக்கே?"

"அது பிளேனுக்கு மேடம்."

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு விண்ணப்பத்தில் எதையோ எழுதிவிட்டு, ஒரு மஞ்சள் சீட்டைக் கிழித்து நீட்டினார். "அட்மிஷன் ஸ்லிப். ஆபீஸ்ல கொடுத்துட்டுப் போங்க. இந்த ரசீதைக் குழந்தை கண்ணுல படற மாதிரி வைக்காதீங்க."

பக்கத்து அறையில் கிளார்க் கையை நீட்டினார். நான் மஞ்சள் சீட்டை நீட்டினேன். அவர் பிடித்து இழுத்தார். வரவில்லை. நாங்கள் இன்னும் பள்ளிக்கூடத்துக்குள்ளேயேதான் இருந்தோம்.

"என்னங்க, விடுங்க" என்றாள் என் மனைவி. பிறகு கிளார்க்கைப் பார்த்து, "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு, சுண்டு விரலிலிருந்து ஆரம்பித்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.